ஆப்பிரிக்கச் சிறுகதையைத் தமிழில் வாய்விட்டுச் சொல்வது எப்படி

பினாங்கில் ஆங்கிலக் கதை படிக்கும் தமிழர்கள் நிறையவே இருக்கிறோம். படித்த கதையை அம்மாவிடமோ மாமியாரிடமோ எதிர்வீட்டு அக்காவிடமோ சொல்கிறவர்கள்தான் குறைவு. ஆப்பிரிக்க எழுத்தாளர்கள் இன்று எழுதும் சிறுகதைகள் விஷயத்தில் இது பெரிய இழப்பு. பாதி சொல்லும்போதே மீதியைப் பிடித்துக்கொள்ளக்கூடியவர்கள் அந்த அம்மாக்களும் அக்காக்களும். சாவு வீட்டில் யாரை எங்கே உட்காரவைப்பார்கள், வெளியூரில் சம்பாதிக்கும் மகனிடம் எப்படிப் பேசுவார்கள், வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தால் முதலில் எதை மூட்டை கட்டுவார்கள் என்பதையெல்லாம் அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. பினாங்கின் பிறை ஊரில் எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் இருக்கும் பொது அறையில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கதை சொல்கிறேன். எஸ்டேட் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய பாட்டிகள் வருவார்கள். ஓய்வுபெற்ற தாதி ஒருவர், லாரி ஓட்டும் அண்ணன் ஒருவர், பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதப்போகும் பிள்ளைகள் சிலர் வருவார்கள். நைஜீரியா, கென்யா, உகாண்டா, ஜிம்பாப்வே கதைகளை இவர்களுக்குச் சொல்லிச் சொல்லி எனக்குப் பிடிபட்ட முறையை இங்கே எழுதுகிறேன். கதையைத் தனியாக வாசிக்கிறவர்களுக்கும் இது உதவும். எந்த இடத்தில் சொல்ல வாய் வரவில்லையோ, அந்த இடத்தை நாம் இன்னும் சரியாகப் படிக்கவில்லை என்று உடனே தெரிந்துவிடும்.

முதல் கதைக்கு ஒரு சாவு வீட்டைத் தேர்ந்தெடுங்கள். நான் எப்போதும் உகாண்டாவின் ஜெனிஃபர் நான்சுபுகா மகும்பியிடமிருந்துதான் தொடங்குவேன். ‘லெட்ஸ் டெல் திஸ் ஸ்டோரி ப்ராப்பர்லி’ என்ற கதை. 2014இல் காமன்வெல்த் சிறுகதைப் பரிசை வென்றது. மான்செஸ்டரில் வாழும் ஒருத்தியின் கணவன் இறந்துபோகிறான். உடலை ஊருக்குக் கொண்டுபோகிறாள். எண்டெபே விமான நிலையத்தில் இறங்கினால், அங்கே இன்னொரு மனைவி நிற்கிறாள், பிள்ளைகளோடு, சொந்தபந்தங்களோடு. அந்த உறவு என்றோ முடிந்துவிட்டது என்று நம்பி வாழ்ந்தவள் இவள். அப்புறம் துக்க வீட்டுக்குள் ஒரு பெண்கள் கூட்டம் நுழைகிறது. நுழைந்து என்ன செய்கிறது என்பதை இங்கே எழுதமாட்டேன், அதை நீங்கள் உங்கள் வாயால் சொல்லவேண்டும்.

இந்தக் கதை விமான நிலையத்தில் தொடங்கவில்லை, கவனியுங்கள். எல்லாம் முடிந்த பிறகு, மான்செஸ்டர் வீட்டில் சுவருக்கு அடித்த புதுச் சாய நாற்றத்தோடு தொடங்குகிறது. அந்த நாற்றம் அவளுக்குப் பிடித்திருக்கிறது. அவளுடைய அம்மாவுக்கும் பிள்ளை உண்டாகியிருந்தபோது வெளிக் கக்கூஸின் நாற்றம் பிடிக்குமாம். மசக்கையில் சாம்பலும் மண்ணும் தின்றவர்களைப் பார்த்திருக்கும் எங்கள் பாட்டிகள் இந்த இடத்திலேயே கதைக்குள் வந்துவிட்டார்கள். கணவனை இழந்தவள் ஏன் சாயம் அடித்துக்கொண்டிருக்கிறாள் என்று ஒருவர் கேட்டார். பதில் சொல்லாதீர்கள். அந்தக் கேள்விதான் கதையை இழுத்துக்கொண்டு போகிறது. சம்பவங்களைக் கால வரிசையில் அடுக்கிச் சொன்னால் புரியும் என்று நமக்குத் தோன்றும். அடுக்கினால் வெறும் செய்திதான் மிஞ்சும். எழுத்தாளர் வைத்த வரிசையிலேயே சொல்லுங்கள்.

சொல்வதற்கு முன் தயாரிப்பு வேண்டும். முதல் முறை அகராதி எடுக்காமல் ஓட்டமாகப் படித்துவிடுங்கள். இரண்டாம் முறை பென்சிலோடு படியுங்கள். யார் யாருக்கு என்ன உறவு, வீட்டுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, என்ன சாப்பிடுகிறார்கள், யார் பேசாமலே இருக்கிறார்கள் என்று ஓரத்தில் குறியுங்கள். பணத்தைத் தவறாமல் குறியுங்கள். இந்தக் கதைகளில் பலவற்றில் அன்பும் சண்டையும் வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், விமான டிக்கெட் வழியாகத்தான் வெளியே வருகின்றன. மூன்றாம் முறை புத்தகத்தை மூடிவிட்டுத் தனியாகத் தமிழில் சொல்லிப் பாருங்கள். நான் சமைக்கும்போது சொல்லிப் பார்ப்பேன்.

முழுக் கதையையும் மொழிபெயர்த்து எழுதிவைத்து வாசிக்காதீர்கள். தலை குனிந்து வாசித்தால் கேட்கிறவர்களின் முகம் தெரியாது. மூன்று நான்கு வாக்கியங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒரு சொல்கூடப் பிசகாமல் மொழிபெயர்த்து நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். தொடக்க வாக்கியம் அதில் கண்டிப்பாக இருக்கவேண்டும். மற்றதை உங்கள் பேச்சில் சொல்லலாம். அந்த வாக்கியங்கள் வரும்போது நோட்டைக் கையில் எடுத்து வாசியுங்கள். எழுத்தாளரின் குரல் எது, உங்கள் குரல் எது என்று கூட்டத்துக்குத் தெரியவேண்டும். அது அவர்களுக்குச் செய்யும் மரியாதை.

சுவரில் ஒரு வரைபடம் ஒட்டுங்கள். ஆப்பிரிக்காவில் ஐ.நா. உறுப்பு நாடுகள் மட்டும் 54. கதை தொடங்குமுன் ஒரு பிள்ளையை எழுந்து வந்து கம்பாலாவில், லேகோஸில், நைரோபியில் விரல் வைக்கச் சொல்வேன். அதற்குப் பிறகு ‘ஆப்பிரிக்காவில்’ என்ற சொல்லே என் வாயில் வராது. ‘கம்பாலாவில்’ என்றுதான் சொல்வேன். பிறையில் நடந்ததை ஆசியாவில் நடந்தது என்று நாம் சொல்வதில்லையே.

பெயர்களைத் தமிழாக்க வேண்டாம். எழுத்தாளரே பேசும் காணொளி பெரும்பாலும் யூடியூபில் கிடைக்கும், கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். ஆனால் ஒரே மூச்சில் எட்டுப் பெயர் சொன்னால் பாட்டிகள் குழம்பிப்போவார்கள். முக்கியமான இரண்டு மூன்று பேருக்குப் பெயர், மற்றவர்களுக்கு உறவுமுறை என்று வைத்துக்கொள்கிறேன். ‘மூத்த சம்சாரம்’, ‘அவனுடைய அக்கா’ என்றால் போதும்.

கதைகள் எங்கே கிடைக்கும்? பெரும்பாலானவற்றுக்குக் காசு வேண்டாம். ஆப்பிரிக்க எழுத்துக்கான கெய்ன் பரிசு ஒரே ஒரு சிறுகதைக்கு ஆண்டுதோறும் கொடுக்கப்படுவது. முதல் பரிசு 2000இல் சூடானின் லெய்லா அபுலேலாவுக்குக் கிடைத்தது. இறுதிப் பட்டியலுக்கு வந்த கதைகள் பலவற்றை இணையத்திலேயே படிக்கலாம், ஆண்டுத் தொகுப்பாகவும் புத்தகம் வருகிறது. காமன்வெல்த் பரிசில் வட்டார வெற்றி பெற்ற கதைகள் கிராண்டா இதழின் இணையப் பக்கத்தில் வந்திருக்கின்றன. 2010இல் ஐனேஹி எடோரோ தொடங்கிய ‘பிரிட்டில் பேப்பர்’ தளத்தில் புதியவர்கள் என்ன எழுதுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். புத்தகமாக வேண்டுமென்றால் ஜார்ஜ்டவுனில் சௌராஸ்தா மார்க்கெட் மாடியில் இருக்கும் பழைய புத்தகக் கடைகளில் தேடுங்கள். எழுத்தாளர் பெயர்களைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள், அங்கே எதுவும் ஒழுங்கில் இருக்காது. பீச் ஸ்ட்ரீட்டில் கெராக்புடாயா கடையிலும் கேட்கலாம்.

இரண்டாவது மூன்றாவது கதையில் நம் ஆட்களை நேராகத் தொடும் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். நைஜீரியாவின் ரோட்டிமி பாபதுண்டே எழுதிய ‘பாம்பேஸ் ரிபப்ளிக்’ 2012இல் கெய்ன் பரிசு பெற்றது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ்காரர்களுக்காகப் பர்மாக் காட்டில் சண்டை போட்டுவிட்டு ஊர் திரும்பும் சிப்பாயின் கதை. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து 81ஆவது, 82ஆவது டிவிஷன்கள் உண்மையிலேயே பர்மாவில் போரிட்டன. கதையில் அந்தச் சிப்பாய், வெள்ளை அதிகாரிகளும் பயந்து நடுங்குவார்கள், உடைந்துபோவார்கள் என்று அங்கே நேரில் பார்க்கிறார். பார்த்தவர் பழைய ஆளாக ஊருக்குத் திரும்ப முடியுமா? கைவிடப்பட்ட சிறைச்சாலை ஒன்றில் குடியேறி, அதையே தனி நாடு என்று அறிவித்துவிடுகிறார்.

பர்மா என்றதும் எங்கள் அறை அமைதியாகிவிட்டது. 1942, 43இல் ஜப்பான்காரர்கள் சயாம்–பர்மா ரயில் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். திரும்பாதவர்கள் ஏராளம். ஒரு பாட்டியின் பெரியப்பா அதில் போனவர். கதை அங்கேயே நின்றுவிட்டது. அவர் பேசி முடிக்கும்வரை எல்லாரும் கேட்டோம். இப்படி நடந்தால் விட்டுவிடுங்கள், நேரமாகிறது என்று கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். ஆனால் அவர் முடித்த பிறகு கதைக்குத் திரும்பி வந்தே ஆகவேண்டும். நம் சோகம் வேறு, அந்தச் சிப்பாயின் சோகம் வேறு. அவர் துப்பாக்கியோடு போனார், உயிரோடு வந்தார், கண்டுகொண்ட உண்மையோடு வந்தார். நம் ஆட்கள் மண்வெட்டியோடு போனார்கள். இந்த வித்தியாசத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். எல்லாம் நம்ம கதை மாதிரியே இருக்கு என்று கூட்டம் கலைந்துபோனால் பாபதுண்டேயின் கதையை அவர்கள் கேட்கவே இல்லை என்று அர்த்தம்.

இதே காரணத்தால்தான் ஆப்பிரிக்கத் தமிழர் கதைகளை நான் தொடக்கத்தில் வைப்பதில்லை. அங்கே நம்மவர் இல்லையா டீச்சர் என்று கேட்காத கூட்டமே கிடையாது. இருக்கிறார்கள். 1860 நவம்பர் 16 அன்று மெட்ராஸிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் போய்ச் சேர்ந்தது, ஒப்பந்தக் கூலிகளோடு. அந்த வம்சாவளியில் வந்த ரோனி கோவெண்டர், கேட்டோ மேனர் என்ற தன் பேட்டையைப் பற்றி எழுதிய கதைகள் ‘அட் தி எட்ஜ்’ என்ற தொகுப்பாக 1996இல் வந்தன. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த சட்டத்தால் அந்தப் பேட்டையே காலி செய்யப்பட்டது. தோட்டம் துண்டாடப்பட்டு அடுக்குமாடிக்கு வந்தவர்கள் இதைக் கேட்டு அழுதார்கள். அருமையான கதைகள். ஆனாலும் ஐந்தாறு கதை சொன்ன பிறகே இதற்கு வாருங்கள். முதலிலேயே சொன்னால் அடுத்தடுத்த கதைகளிலும் நம்மையே தேடிக்கொண்டிருப்பார்கள்.

நான் அதிக நேரம் செலவழித்துத் தயாரித்த கதை சிமமாண்டா ங்கோசி அடிச்சியின் ‘எ பிரைவேட் எக்ஸ்பீரியன்ஸ்’. 2009இல் வந்த அவருடைய தொகுப்பில் இருக்கிறது. வட நைஜீரியாவின் கானோ நகரச் சந்தையில் மதக் கலவரம் மூள்கிறது. ஓடிவந்த இரண்டு பெண்கள் ஒரு காலிக் கடைக்குள் ஒளிந்துகொள்கிறார்கள். ஒருத்தி லேகோஸில் மருத்துவம் படிக்கும் இக்போ இனக் கிறிஸ்தவப் பெண் சிகா. இன்னொருத்தி வெங்காயம் விற்கும் ஹௌசா இன முஸ்லிம் பெண். சிகாவின் அக்காவைக் காணவில்லை. அந்தப் பெண்ணின் மகளையும் காணவில்லை, கடலை விற்கப் போனவள். இருவரும் உட்கார அந்தப் பெண் தன் மேல்துணியை விரிக்கிறாள். பால் கொடுத்துப் புண்ணான மார்பைச் சிகாவிடம் காட்டுகிறாள். சிகா மருத்துவராகிவிடுகிறாள், தன் அம்மாவுக்கும் இப்படி இருந்தது என்று ஆறுதலுக்கு ஒரு பொய்யும் சொல்கிறாள். எங்கள் தாதி அக்கா அந்த இடத்தில் வேகமாகத் தலையாட்டினார். பிள்ளை எப்படி வாய் வைக்கவேண்டும் என்று சிகா சொல்வது சரி என்று பெண்களுக்கு விளக்கவும் செய்தார்.

இதைச் சொல்வதில் ஒரு கஷ்டம் இருக்கிறது. கடைக்குள் நடப்பதைச் சொல்லிக்கொண்டே வரும் கதை, திடீர் திடீரென்று பின்னால் நடக்கப்போவதையும் சொல்லிவிடும். சிகா பிற்பாடு சவக்கிடங்குகளில் தேடுவாள், இன்னதைத் தெரிந்துகொள்வாள் என்று வரும். அடுத்த வாக்கியத்தில் மறுபடியும் கடைக்குள் இருப்போம். நிகழ்காலத்தைச் சாதாரணக் குரலில் சொல்லி, எதிர்காலம் வரும்போது நோட்டை எடுத்து அந்த வாக்கியத்தை அப்படியே வாசித்துவிட்டு, ஒரு மூச்சு விட்டுத் தொடருங்கள். ‘அக்கா கிடைத்தாளா இல்லையா’ என்ற பரபரப்பை எழுத்தாளரே முன்கூட்டி எடுத்துவிடுகிறார். மிஞ்சுவது அந்த இரண்டு பெண்களும் அந்த இருட்டும்தான். சொல்கிறவர் அந்தப் பரபரப்பைத் திரும்பக் கொண்டுவந்துவிடக் கூடாது.

இங்கே 1969 இனக் கலவரத்தை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் உண்டு. கலவரக் கதை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எழுந்து போக விரும்புகிறவர்கள் போகட்டும். முடிந்ததும் யார் மேல் தப்பு என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காமல், ‘அந்தத் துணியை விரித்தாளே, அதைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று தொடங்குங்கள். ஒளித்துவைத்தவர்களைப் பற்றியும் ஒளிந்திருந்தவர்களைப் பற்றியும் பேச்சு வரும்.

மொழி விஷயத்துக்கு வருகிறேன். கென்யாவின் மகேனா ஓன்ஜெரிகாவுக்கு 2018 கெய்ன் பரிசைத் தந்த ‘ஃபேண்டா பிளாக்கரண்ட்’ நைரோபி தெருப் பிள்ளைகளின் கதை. ஒரே ஒரு ஃபேண்டா, தினமும் குடிக்கணும், தீரவே கூடாது என்று ஆசைப்பட்ட மேரி என்ற பெண்ணைப் பற்றி மற்றப் பிள்ளைகள் ‘நாங்கள்’ என்று சேர்ந்து சொல்கிறார்கள். பள்ளி இலக்கணத்துக்கு அடங்காத ஆங்கிலம். பாடம் நடத்தும் எனக்கே முதல் பக்கம் தடுக்கியது. திருத்தி வாசிக்காதீர்கள், வாய்விட்டு வாசியுங்கள், தாளம் பிடிபடும். தமிழில் சொல்லும்போது மதுரைப் பேச்சோ சென்னைப் பேச்சோ சினிமாச் சேரிப் பேச்சோ வேண்டாம். கேட்கிறவர்கள் நைரோபியை விட்டுவிட்டு அந்தப் படத்துக்குப் போய்விடுவார்கள். நான் எங்கள் பிள்ளைகள் பேசும் தமிழில், குட்டிக் குட்டி வாக்கியங்களில், பெரியவர்கள் சொல் எதுவும் கலக்காமல் சொல்கிறேன். முடிந்தால் இரண்டு பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்தி மாற்றி மாற்றிச் சொல்லவையுங்கள். ஒரே ஆள் சொன்னால் இந்தக் கதையில் பாதி போய்விடுகிறது.

பட்டியல் போடும்போது ஒன்றை மனத்தில் வையுங்கள். ஜிம்பாப்வேயின் நோவயலட் புலவாயோ எழுதிய ‘ஹிட்டிங் புடாபெஸ்ட்’ 2011 கெய்ன் பரிசுக் கதை. குடிசைப் பிள்ளைகள் பணக்காரப் பேட்டைக்குக் கொய்யா திருடப் போகிறார்கள். அவர்களில் பத்து வயதையொட்டிய ஒரு சிறுமி கர்ப்பமாக இருக்கிறாள். திரும்பும் வழியில் மரத்தில் தொங்கும் பிணத்தின் காலணியை விற்று ரொட்டி வாங்கலாம் என்று கிளம்புகிறார்கள். அந்தக் கதை வளர்ந்து 2013இல் நாவலானபோது, நைஜீரிய எழுத்தாளர் ஹெலோன் ஹபிலா, வெளிநாட்டு வாசகருக்காக ஆப்பிரிக்கத் துன்பத்தைக் காட்சிக்கு வைக்கும் போக்கு இது இல்லையா என்று கேட்டார். ஹபிலா 2001இல் இதே பரிசை வென்றவர். பிள்ளைகளின் சிரிப்பும் கேலியும் கதையைக் காப்பாற்றுகின்றன என்பது என் கருத்து. ஆனால் கேள்வி நியாயமானது, கூட்டத்தில் அதை முன்வையுங்கள். பசிக் கதைகளாகவே தொடர்ந்து சொன்னால், ஐயோ பாவம் என்ற ஒரே உணர்ச்சியோடு ஆட்கள் வீட்டுக்குப் போவார்கள். அந்த எழுத்தாளர்களுக்கு நாம் செய்யும் அநியாயம் அது.

அதனால் இந்தக் கதைக்கு அடுத்த மாதம் லெஸ்லி நெக்கா அரிமாவின் ‘ஹூ வில் கிரீட் யூ அட் ஹோம்’ சொல்லுங்கள். அதில் பெண்கள் பிள்ளையைக் கையால் செய்கிறார்கள், நூலில், மண்ணில், கிடைத்த பொருளில். பெற்ற தாய் ஆசீர்வதித்தால்தான் அது உயிர் பெறும். தாயோடு பேச்சில்லாத ஏழைப் பெண் ஒருத்தி முடியால் ஒரு பிள்ளை செய்கிறாள். பயங்கரமான கதை. எஸ்.பி.எம். பிள்ளைகள் இதை மறுபடியும் சொல்லச் சொன்னார்கள். உகாண்டாவின் மோனிகா அராக் டி நியெக்கோ எழுதிய ‘ஜம்புலா ட்ரீ’ இன்னொரு பக்கம் திறக்கும். 2007 கெய்ன் பரிசுக் கதை. கம்பாலாவின் நாகாவா குடியிருப்பில் இரண்டு பெண்கள் ஒருவரை ஒருவர் காதலிப்பதையும் ஊர் வாய் அவர்களைப் பிரிப்பதையும் கடித வடிவில் சொல்வது. அந்த மரம் நம் நாவல் மரம்தான். பெரியவர்கள் என்ன சொல்வார்களோ என்று தயங்காதீர்கள். அக்கம்பக்கத்து ஏச்சு என்னவென்று அடுக்குமாடியில் வாழும் எல்லாருக்கும் தெரியும்.

சொன்ன கதை யாரையாவது எழுதத் தூண்டினால், காமன்வெல்த் சிறுகதைப் பரிசுக்குத் தமிழிலேயே அனுப்பலாம் என்று சொல்லுங்கள். 2,000 முதல் 5,000 சொற்கள், எங்கும் வெளிவராத கதை, நுழைவுக் கட்டணம் கிடையாது. மலேசியாவின் சரஸ் மாணிக்கம் 2019இல் ‘மை மதர் பட்டு’ என்ற ஆங்கிலக் கதைக்கு ஆசிய வட்டாரப் பரிசு வாங்கியிருக்கிறார்.

கடைசியாக உரிமை பற்றி. அறையில் உட்கார்ந்து பத்துப் பேருக்கு வாயால் சொல்வது வேறு. அதைப் பதிவுசெய்து இணையத்தில் போடுவதும், முழு மொழிபெயர்ப்பை இதழுக்கு அனுப்புவதும் வேறு. அதற்கு எழுத்தாளரின் அனுமதி வேண்டும். பெரும்பாலானவர்களின் இணையப் பக்கத்தில் முகவரின் மின்னஞ்சல் இருக்கும். சுருக்கமாக எழுதுங்கள்: எந்தக் கதை, எந்த இதழுக்கு, எத்தனை பிரதி, பணம் உண்டா இல்லையா, தமிழ் படிக்கிறவர்கள் எந்தெந்த நாடுகளில் இருக்கிறார்கள். மொழிபெயர்ப்பின் முதல் பக்கத்தையும் இணையுங்கள், அவர்கள் தமிழ் தெரிந்த யாரிடமாவது காட்டிப் பார்ப்பார்கள். பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம். வரவில்லையென்றால் ஒருமுறை நினைவூட்டுங்கள். அனுமதி கிடைக்கும்வரை வெளியிடாதீர்கள், அறையில் சொல்லிக்கொண்டிருங்கள்.